மூன்றாம் ஓலை

எங்கள் கத்தோலிக்கக் கோயில்களில் ஒரு கலியாணம் நடக்க வேண்டுமென்றால் அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்க வேண்டும். பூசை முடிகிற நேரத்தில் சாமியார் ஒரு தாளைப் பிரிப்பார். இன்னாருடைய மகன் இன்னாரும் இன்னாருடைய மகள் இன்னாரும் மெய்விவாகம் செய்துகொள்ள விரும்புகிறார்கள், இவர்களுக்குள் விக்கினம் ஏதாவது இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசிப்பார். யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. பிள்ளையைத் தேடுவதும் செருப்பைக் காலால் துழாவுவதுமாக இருப்பார்கள். அறுபத்திரண்டு வயதுக்குள் நானும் எத்தனையோ ஓலை கேட்டுவிட்டேன். கடமைப்பட்டவன் என்று ஒருவனும் எழுந்து போனதாகக் கேள்விப்பட்டதில்லை. ஒரே ஒருவன் போனான். அது நான். வாசிக்கப்பட்டது என் சொந்தத் தங்கையின் ஓலை.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது, அவளுக்கு இருபத்தெட்டு. அப்பாவும் அம்மாவும் இரண்டு வருட இடைவெளியில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். செங்கல்பட்டில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். நான் கோர்ட்டில் டைப்பிஸ்ட். சத்தியம் செய்துவிட்டு சாட்சிகள் சொல்வதை அப்படியே அடித்துக் கொடுப்பது என் வேலை. அவள் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். காலையில் எனக்கு டிபன் பாக்ஸ் கட்டி வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் எனக்கு முன்னால் வந்து விளக்கைப் போட்டு வைப்பாள். விளக்கு எரிகிற வீட்டுக்குள் நுழைவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியாது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். தெரியும். தெரிந்துதான் அந்த வேலையைச் செய்தேன்.

மாப்பிள்ளையை வீட்டுக்குள் கூட்டி வந்தவனும் நான்தான். சதுரங்கப்பட்டினத்துக்காரர். குடும்பமே கடல் தொழில். அவர் மட்டும் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு செங்கல்பட்டில் ஒரு பைக் மெக்கானிக் கடையில் இருந்தார். என் பழைய வண்டி மாதம் இரண்டு தடவை அவர் கைக்குப் போகும். சரிசெய்ததை வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்து விடுவார். ஒரு நாள் அவள் காபி கொடுத்தாள். அப்புறம் வண்டி ரிப்பேர் ஆகாத நாளிலும் அவர் வந்தார். எனக்குப் புரிந்தது, நானும் சரியென்றேன். நல்ல மனிதர், குடி கிடையாது, என்னை அண்ணாத்த என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அவளுக்காகவே ஞானஸ்நானம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, ஆறு மாதம் உபதேசியாரிடம் மந்திரம் படித்தார். கடையில் ஸ்பானர்களுக்கு நடுவே அந்தச் சின்ன மந்திரப் புத்தகம் கிரீஸ் கறையோடு கிடக்கும்.

கலியாணம் நிச்சயமான பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னை வண்டியில் உட்கார வைத்து மாமல்லபுரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். கரையில் ஏற்றிப் போட்டிருந்த படகு நிழலில் உட்கார்ந்தோம். அவருக்கு எப்படி ஆரம்பிப்பதென்று தெரியவில்லை.

"அண்ணாத்த, ஒன்னாண்ட மறைக்கக் கூடாது. எங்க மாமன் பொண்ணோட எனக்கு நிச்சயம் ஆச்சு. தட்டெல்லாம் மாத்திகினாங்க. அப்பால அந்தப் பொண்ணுக்கே இஸ்டமில்லன்னு நின்னு போச்சு. அவ்ளோதான். செங்கல்பட்டுல யாருக்கும் தெரியாது. ஒனக்கு மட்டும் சொல்றேன். நீயே சமயம் பாத்து தங்கச்சிக்கு சொல்லு."

அதற்கென்ன, நின்றுபோன நிச்சயம் ஊரில் இல்லாததா என்று நான் அவர் தோளைத் தட்டினேன். வீட்டுக்கு வந்து அவளிடமும் சொன்னேன். அவள் சிரித்தாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

முதல் ஓலை வாசித்த அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் ஓலை வாசித்த வாரத்தில் அவள் தன் சாமான்களை ஒதுக்கத் தொடங்கினாள். எந்தப் பாத்திரம் எனக்கு, எது அவளுக்கு என்று தரையில் பரப்பி வைத்தாள். எனக்கென்று ஒரு சின்னக் குக்கரும் இரண்டு தட்டும் ஒரு டம்ளரும் ஒதுக்கியிருந்தாள். "ஒருத்தருக்கு இது போதும்ண்ணா" என்றாள். அந்த ஒரு டம்ளரைப் பார்த்ததும் எனக்கு உள்ளே ஏதோ ஆகிவிட்டது. கோபமா, பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கடல் தொழில் செய்கிற வீட்டுக்கா நம் பெண் போவது என்று அதுவரை வராத யோசனை வந்தது. கலியாணத்துக்காக வாங்கும் ஞானஸ்நானம் ஒரு ஞானஸ்நானமா என்று பக்தி வேறு வந்தது. பயந்தவனுக்குக் காரணம் கிடைப்பதா கஷ்டம்?

புதன்கிழமை சாயங்காலம் கோர்ட்டிலிருந்து நேராகச் சாமியார் பங்களாவுக்குப் போனேன். அப்போதிருந்தவர் வயதான சாமியார், கண்டிப்பானவர். "சாமி, அவருக்கு ஊரில் ஏற்கெனவே தாலி கட்டின பெண் இருக்கிறாள். மாமன் மகள்" என்றேன். நிச்சயம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் தாலி என்று சொன்னேன். கோர்ட்டில் இருப்பவனுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். அவர் ஓலைப் புத்தகத்தைத் திறந்து, தங்கையின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் எழுதினார். சொன்னது யாரென்று வெளியே போகாது, கவலைப்படாதே என்றார். தங்கையின் ஆத்துமத்தைக் காப்பாற்றினாய் என்றும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

மூன்றாவது ஞாயிறு அவள் பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சாமியார் தாளைப் பிரித்தார். வேறொரு ஜோடியின் ஓலையை வாசித்தார். தாளை மடித்தார். கடைசி ஆசீருக்குக் கையைத் தூக்கிவிட்டார். எனக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. எல்லாரும் முழந்தாளிட்ட பிறகும் அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

அதன்பிறகு நடந்ததை நீட்ட விரும்பவில்லை. மாமன் மகளோடு கலியாணம் ஆகவில்லை என்று அந்த வீட்டாரிடமிருந்து எழுதி வாங்கி வா என்று மாப்பிள்ளையிடம் சொன்னார் சாமியார். தன் மகளே மறுத்து நிச்சயம் நின்றுபோன அவமானத்தில் இருந்த மாமன் ஒரு வரி எழுதித் தர மாட்டேன் என்றுவிட்டான். மூன்று மாதம் காத்துப் பார்த்தார்கள். பிறகு ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டார்கள். தன்னை நம்பாத கோயிலில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு என்ன ஆகப்போகிறது என்று அவர் ஞானஸ்நானத்தையும் விட்டுவிட்டார். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு போன அன்றும் எனக்கு டிபன் பாக்ஸ் கட்டி வைத்திருந்தாள். கோயில் சட்டத்துக்குப் பயந்து நான் ஒதுங்கி நிற்கிறேன் என்றுதான் அவள் நினைத்தாள். யாரோ ஊர்க்காரன் பொறாமையில் கோள் சொல்லிவிட்டான் என்று அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள்.

கோயிலில் நடக்காத கலியாணம் எங்களுக்குக் கலியாணம் ஆகாது. அப்படி வாழ்கிறவர்கள் பூசைக்கு வரலாம், பாட்டுப் பாடலாம், காணிக்கை போடலாம். நன்மை வாங்க மட்டும் எழுந்து போகக் கூடாது. நற்கருணையைத்தான் நாங்கள் நன்மை என்போம். என் தங்கை இருபத்தேழு வருடம் ஒரு ஞாயிறு விடாமல் பூசைக்குப் போய், வரிசை நகரும்போது பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் அதே இருபத்தேழு வருடம் ஒரு ஞாயிறு விடாமல் கைகூப்பிக்கொண்டு வரிசையில் போனேன்.

பாவசங்கீர்த்தனம் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தேன். தவக்காலம் வந்தால் மின்சார ரயிலேறி, என்னை யாருக்கும் தெரியாத ஊராகப் பார்த்து இறங்குவேன். சாமியார் உள்ளே உட்கார்ந்து பாவம் கேட்கிற மரக்கூண்டைத் தொட்டி என்போம். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் நான் முழங்கால் போடாத பாவசங்கீர்த்தனத் தொட்டி குறைவு. பெரிய வரிசையாக இருந்தால் ரொம்ப நல்லது, சாமியார் அவசரத்தில் இருப்பார். "பூசைக்குப் பராக்காக இருந்தேன், கோபப்பட்டேன், பொய் சொன்னேன் பல தடவை" என்று நடுவில் செருகிவிடுவேன். என்ன பொய் என்று ஒருவரும் கேட்டதில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். கடவுளையே ஏமாற்றிவிட்டேன் என்கிற திருட்டு நிம்மதியோடு திரும்பி வருவேன். பரங்கிமலை தாண்டுவதற்குள் அது போய்விடும்.

எனக்கும் பெண் பார்க்க யாரும் இல்லாமல் போனார்கள். பார்த்துக்கொண்டிருந்தவளே அவள்தானே. அந்தச் சின்னக் குக்கரிலேயே வயது ஏறியது. ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாளில் நான் பேசுகிற வார்த்தைகளை எண்ணிவிடலாம். பால்காரனிடம் இரண்டு, தெருமுனைக் கடையில் நாலு. டிவியில் செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால் பதிலுக்கு வணக்கம் என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் வெளியே போகும்போது விளக்கைப் போட்டுவிட்டுப் போகப் பழகிக்கொண்டேன். திரும்பி வரும்போது எரிந்துகொண்டிருக்கும். ஆனால் போட்டது நான்தான் என்பது எனக்குத் தெரியுமே.

மாதத்தில் முதல் சனிக்கிழமை மட்டும் வேறு மாதிரி இருக்கும். சதுரங்கப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸில் தங்கை மீன் கொண்டு வருவாள். சங்கரா, கானாங்கத்தை, சில சமயம் நெத்திலி. சுத்தம் செய்து மஞ்சள் தடவி டப்பாவில் போட்டிருக்கும். "ஒம் மச்சான் விடியக்காலையில கரைக்கிப் போயி எடுத்து வெச்சது" என்பாள். குழம்பு வைத்து, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விடுவாள். அந்த ஐந்து மணி நேரத்தை வைத்துத்தான் நான் மாதத்தை ஓட்டினேன். அதனாலேயே உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சனிக்கிழமையும் போய்விடும்.

போன வருடம் அவள் மகளுக்குக் கலியாணம் நிச்சயமானது. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். கூட வேலை பார்க்கிற பையன், நம் வேதத்தைச் சேர்ந்த பையன்தான். மீன் டப்பாவோடு செய்தியைச் சொல்ல வந்த தங்கை சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ண்ணா, பொண்ணு கல்யாணத்து அன்னிக்காவது நான் நன்மை வாங்கணும். அவ வாங்குறப்ப நான் பின்னால ஒக்காந்து பாத்துகினு இருக்க முடியாது. எங்க ஊரு சாமியார கேட்டா, செங்கல்பட்டு பொஸ்தகத்துல ஏதோ எழுதிகீதுன்றாரு. நீ போயி இங்க இருக்கிற சாமியாராண்ட பேசேன். ஒனக்குத்தான் கோர்ட்டு பாஷ தெரியும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

இப்போதிருக்கிற பங்குச் சாமியார் இளவயதுக்காரர், ஜீன்ஸ் பேன்ட் போட்டுக்கொண்டு பைக்கில் சுற்றுகிறவர். பீரோவின் அடித்தட்டிலிருந்து பழைய ஓலைப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். பக்கத்தைக் கண்டுபிடித்துப் படித்தார். சிவப்பு மை பழுப்பாகியிருந்தது. படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தெரிவித்தவர்னு உங்க பேர் இருக்கு."

"ஆமாம் ஃபாதர்."

"உண்மையா?"

"இல்லை."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நான் அறிந்தே சொன்ன பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், மேலே ஆயருக்கு அனுப்பி அனுமதி வாங்கிவிடலாம், கலியாணத்தைக் கோயில் முறைப்படி சரிசெய்துவிடலாம் என்றார். மாப்பிள்ளை ஞானஸ்நானம் வாங்காதவராக இருந்தாலும் பரவாயில்லையாம். "தங்கச்சிக்கு இந்த விவரம் போகணும்னு அவசியம் இல்ல. உங்க இஷ்டம்" என்றார். அவர் மேஜையிலேயே வைத்து எழுதினேன். ஆயிரக்கணக்கான வாக்குமூலம் அடித்தவன், என்னுடையதை நாலு வரியில் முடித்துவிட்டேன்.

பிறகு அங்கேயே, அந்த நாற்காலிப் பக்கத்தில் முழங்கால் போட்டேன். எதையும் நடுவில் செருகாமல் சொன்னேன். டம்ளரைப் பற்றிச் சொன்னேன், தாலி என்ற வார்த்தையைச் சொன்னேன், இருபத்தேழு வருட நன்மையையும் சொன்னேன். அவர் கையை என் தலைமேல் வைத்து மன்னிப்பு மந்திரத்தைச் சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது. ஒருத்தி ஆயிரத்து நானூறு ஞாயிறு உட்கார்ந்திருக்கிறாள், எனக்கு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுமா? கோர்ட்டில் ஆடு திருடினவனுக்குக்கூட மூன்று வாய்தா உண்டு.

"அபராதம் என்ன ஃபாதர்?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் யோசித்தார். "வர்ற ஞாயிறு தங்கச்சி கோயிலுக்குப் போங்க. அவங்க பக்கத்துல உட்காருங்க. நன்மைக்கு எல்லாரும் போறப்ப நீங்க எழுந்திருக்காதீங்க. அவ்வளவுதான்" என்றார்.

இது ஒரு அபராதமா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரைக் கோயில் சின்னது. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று உண்டு. கடைசி பெஞ்சில் மட்டும் அதைப் பார்ப்பதில்லை. அங்கேதான் அவள் இடம். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். நன்மைக்கு மணி அடித்தது. அதே பெஞ்சில் உள்ளே உட்கார்ந்திருந்த ஐந்து பேர் எழுந்தார்கள். அவள் முழங்கால்களை ஒருபக்கமாக ஒடுக்கி அவர்களுக்கு வழி விட்டாள். பழகிப்போன ஒடுக்கம். ஒருத்தி கடந்து போகும்போது இவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். ஒரு சின்னப் பிள்ளை, "நீங்க வரலியா?" என்று கேட்டது. வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது மறுபடியும் முழங்காலை ஒடுக்கினாள். கோயில் முழுக்க முழந்தாளிட்டிருக்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தோம்.

"நீ போயேன்ண்ணா. இன்னாத்துக்கு என்னோட ஒக்காந்துகினு கீற?" என்று காதோடு கேட்டாள்.

அவ்வளவுதான், என்னால் முடியவில்லை. பூசை முடிந்து அவள் வீட்டுக்கு நடந்தோம். மச்சான் வாசலில் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். மீன்பிடி ஊருக்கே திரும்பி வந்து இந்த வேலைதான் செய்கிறார். அவள் அடுப்படியில் அரிவாள்மனையைப் போட்டு மீன் செதில் எடுக்க ஆரம்பித்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். செதில் எடுக்கிற சத்தம் நடுவில் நின்றுபோனது.

"வெறும் நிச்சயம்தான்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"நீ போயிட்டா நான் தனியா ஆயிடுவேன்னு பயந்தேன்."

அவள் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "இப்ப மட்டும் இன்னா, கூட்டமாவா கீற?"

மச்சான் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து நின்றார். அவள் அவரிடம் திரும்பி, "கேட்டியா? நம்ம ஓலைய நிறுத்தனது யாருன்னு கேட்டியா?" என்றாள்.

"தெரியும்" என்றார் அவர்.

நானும் அவளும் அவரையே பார்த்தோம்.

"அந்த நிச்சயத்த செங்கல்பட்டுல நான் ஒரே ஒருத்தராண்டதான சொன்னேன். சாமியார் கூப்ட்டு மாமன் பொண்ணுன்னு கேட்ட அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சிகினு இத்தினி வருசமா எனக்கு சொல்லல?"

"ஒனக்கு அம்மா இல்ல, அப்பா இல்ல. ஒன் பக்கத்துல இருந்தது இவுரு ஒருத்தர்தான். அதையும் நான் புடுங்கிட்டா நீ யாராண்ட போவ?"

அவள் கையிலிருந்த மீனைப் பாத்திரத்தில் போட்டாள். "ரெண்டு பேரும் வெளிய போங்க" என்றாள். கத்தவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்தோம்.

அவர் என்னோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தார். டச்சுக் கோட்டையின் உடைந்த சுவர் ஓரமாகப் போகும் பாதை. வெயில் ஏறியிருந்தது, கடல் சத்தம் மட்டும் கேட்டது. என்னை எப்படி மன்னித்தீர்கள் என்று கேட்டேன்.

"மன்னிச்சேன்னு யார் சொன்னா? மொத ரெண்டு மூணு வருசம் ஒன்ன நெனச்சாலே கை அரிக்கும் மச்சான். அப்பால பொண்ணு பொறந்திச்சு. நீ ஆஸ்பத்திரிக்கு வந்து தூக்கி வெச்சுகினு அழுத. சர்த்தான், இந்தாளும் பாவந்தான்னு தோணிச்சு. அப்பால மீன் குடுத்து அனுப்பிகினே இருந்தேனா, அப்டியே பழகிப் போச்சு."

பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன். அவர் திரும்பிப் போய்விட்டார். திருக்கழுக்குன்றம் வரைக்கும் முகத்தைச் சன்னல் பக்கமே வைத்திருந்தேன். இருபத்தேழு வருடமாக அவர் எடுத்து வைத்த மீனை முள் எடுத்து எடுத்துத் தின்றிருக்கிறேன். என்னால் ஞானஸ்நானம் இல்லாமல் போன மனிதர். கடவுள் எனக்கு இரக்கம் காட்ட மாட்டாரா என்று ஊர் ஊராகப் போய்த் தொட்டி தொட்டியாக முழங்கால் போட்டேன். அது மாதம் தவறாமல் டப்பாவில் வந்துகொண்டிருந்திருக்கிறது. நான் குழம்பில் புளி போதவில்லை என்று குறை சொல்லியிருக்கிறேன்.

அடுத்த முதல் சனிக்கிழமை யாரும் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. நான் போன் செய்தால் அவள் எடுக்கவில்லை. பஸ் வருகிற நேரத்துக்கு மட்டும் போய் நிறுத்தத்தில் நின்றுவிட்டுத் திரும்புவேன். இது நியாயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நியாயம் என்று தெரிவதால் வலி ஒன்றும் குறைந்துவிடவில்லை. நாலு மாதம் அப்படிப் போனது. பிற்பாடு அனுமதி வந்துவிட்டது என்று எங்கள் பங்குச் சாமியார் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் கடற்கரைக் கோயிலில் இரண்டு சாட்சிகளை வைத்து அவர்கள் வாக்குக் கொடுத்து மோதிரம் மாற்றிக்கொண்டார்களாம். சாட்சிகளில் நான் இல்லை. மறுநாள் அவள் மகளுக்கு மூன்றாம் ஓலை. அதுவும் அவர் சொல்லித்தான் தெரியும்.

ஞாயிறு காலை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். போகிறேன் என்று யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல யார் இருக்கிறார்கள்? கோயிலுக்குள் நுழைந்தபோது முதல் வாசகம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி பெஞ்சில், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில், மச்சான் வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் ஞாயிறு பூசைக்கு அவர் வந்தது அன்றுதான். என்னைப் பார்த்தார், தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். அவள் பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் மகளோடு இருந்தாள்.

நன்மைக்கு மணி அடித்தது.

"நீ போவலியா மச்சான்?" என்றார்.

"இன்னிக்கு இல்ல" என்றேன். என் அபராதம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் அவள் என் முகத்தைப் பார்க்காமல் இருக்கும்போது எந்தக் காலால் நான் எழுந்து போவது? நாங்கள் இரண்டு பேரும் முழங்கால்களை ஒடுக்கி மற்றவர்களுக்கு வழி விட்டோம்.

அவள் வரிசையில் மெதுவாக நகர்ந்தாள். கை கூப்பியிருந்தாள். அவள் முறை வந்தபோது வாங்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவள் தோளைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தாள். மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாங்கிட்டா" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பூசை முடிகிற நேரத்தில் சாமியார் தாளைப் பிரித்தார். பையனின் பெயரை, பெற்றோர் பெயரை வாசித்தார். பிறகு அவள் பெயரும் மச்சான் பெயரும் வந்தன, அவர்களுடைய மகளின் பெயர் வந்தது. விக்கினம் ஏதாவது இருப்பதாக அறிந்தவர்கள் என்று வாசித்தபோது, நாலாவது வரிசையிலிருந்து என் தங்கை திரும்பினாள். நேராக என்னைப் பார்த்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்த முதல் பார்வை அது. நான் வந்திருப்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. அந்த முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் இருந்தது. என் தங்கை என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள். கடவுள் தண்டிக்க வேண்டுமென்று நான் ஆத்திரப்பட்டேனே, தண்டனை வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்து, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாமியார் தாளை மடித்தார். அவள் திரும்பிக்கொண்டாள்.

வெளியே பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு கட்டிப்பிடித்தார்கள். நான் கேட் பக்கம் நகர்ந்தேன். அடுத்த பஸ் பத்தே காலுக்கு. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மச்சானுக்கு எதிரே நின்றாள். நான் ஒரு கை தூரத்தில் நிற்கிறேன். என் பக்கம் திரும்பவே இல்லை.

"அந்தாளுக்கும் சேத்துதான் சோறு வடிச்சுகீறேன்னு சொல்லு. மீன் கொழம்பு. புளி போதலன்னா போட்டுக்கச் சொல்லு" என்றாள்.

சொல்லிவிட்டு விடுவிடென்று வீட்டைப் பார்த்து நடந்தாள். மச்சான் என் பக்கம் திரும்பி, "கேட்டுச்சா?" என்றார். கேட்டது. விடியற்காலையில் பூசைக்குக் கிளம்புவதற்கு முன்பே வடித்திருக்கிறாள். ஓலை வாசித்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். நான் வருவேன் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.